எல்லா டிஜிட்டல் மோடும் ஒரே ஹேண்டியில்: காத்திருப்பதா, வேறு வழி பார்ப்பதா?

டிஜிட்டல் குரலுக்கு மாறுகிற எந்த ஹாமும், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரரும், சீக்கிரமே வந்து நிற்கிற இடம் இது. டிஎம்ஆர், டி-ஸ்டார், சிஸ்டம் ஃப்யூஷன், பி25, என்எக்ஸ்டிஎன், இப்போது எம்17 என்று மோடுகளின், அதாவது குரலை டிஜிட்டலாக்கி அனுப்பும் முறைகளின், வரிசை நீண்டுகொண்டே போகிறது. கையில் இருக்கும் ஹேண்டி (கையடக்க ரேடியோ) இதில் ஒன்றைத்தான் பேசும். நண்பர்கள் கூடுகிற குழு இன்னொன்றில் இருக்கும். பக்கத்து ரிப்பீட்டர் (அலையை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) மூன்றாவதில் இருக்கும். எல்லாவற்றையும் பேசும் ஹேண்டி வரும் வரை காத்திருப்பதா, இரண்டு மூன்று வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்வதா, ரேடியோவை இணையத்தோடு இணைக்கும் ஹாட்ஸ்பாட் என்ற சின்னப் பெட்டியை வைத்துச் சமாளிப்பதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹேண்டியில் ஒரு மோடு போதும். மற்றவற்றை ஹாட்ஸ்பாட்டிடம் விட்டுவிடலாம். டி-ஸ்டார் மட்டும் இந்தக் கணக்குக்குள் ஒழுங்காக அடங்காது. அதற்குத் தனியாக வருகிறேன். ஆனால் காரணம் தெரியாமல் இந்த முடிவை எடுத்தால், அடுத்த புது மாடல் அறிவிப்பு வந்ததும் மனசு மாறிவிடும். அதனால் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அலையில் எல்லாம் பங்காளிகள்

விளம்பரங்களைப் படித்தால் ஒவ்வொரு மோடும் தனி உலகம் என்று தோன்றும். வானலையில் போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. டிஎம்ஆர், ஃப்யூஷன், பி25-இன் முதல் கட்டம், எம்17 ஆகிய நான்குமே நொடிக்கு 4800 குறியீடுகள் அனுப்புகின்றன. ஒவ்வொரு குறியீடும் நான்கு அதிர்வெண் விலகல்களில் ஏதாவது ஒன்று. அதாவது இரண்டு பிட். ஆக நொடிக்கு 9600 பிட். என்எக்ஸ்டிஎன்னும் அதே நான்கு நிலை முறைதான், 6.25 கிலோஹெர்ட்ஸில் ஓடும்போது வேகம் பாதியாகிறது. டி-ஸ்டார் மட்டும் ஜிஎம்எஸ்கே என்ற வேறு பண்பேற்ற முறையில் (அலையில் தகவலை ஏற்றும் முறையில்) நொடிக்கு 4800 பிட் அனுப்புகிறது. விலகலின் அளவும் வடிகட்டியின் வளைவும் மோடுக்கு மோடு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

ஜோனாதன் நெய்லர் எழுதிய எம்எம்டிவிஎம் என்ற பல மோடு மென்பொருள் இதைக் கண்முன்னே காட்டுகிறது. ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற சின்னக் கணினி மேல் உட்காரும் கட்டைவிரல் நீளப் பலகையில் ஒரு ஏடிஎஃப்7021 ரேடியோ சில்லு, ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். இவ்வளவை வைத்துக்கொண்டு டி-ஸ்டார், டிஎம்ஆர், ஃப்யூஷன், பி25, என்எக்ஸ்டிஎன் ஐந்தையும் அனுப்பி வாங்குகிறது. எம்17-உம் பின்னால் சேர்ந்துகொண்டது. வெளியே வரும் சக்தி 10 மில்லிவாட் அளவுதான். ஆனாலும் பண்பேற்றம் ஒரு தடையே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேட்பதற்கு மட்டும் என்றால் பல மோடு பெட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஏஓஆர் நிறுவனத்தின் ஏஆர்-டிவி10 கையடக்க ரிசீவர் மேலே சொன்ன மோடுகளில் எம்17 தவிர மற்றவற்றைப் பிரித்துக் கேட்கும். ஐகாமின் ஐசி-ஆர்30 டி-ஸ்டார், பி25, என்எக்ஸ்டிஎன் எல்லாம் கேட்கும். காது எல்லா மொழியும் புரிந்துகொள்கிறது, வாய்தான் ஒன்றில் நின்றுவிடுகிறது. டிஎம்ஆரில் மட்டும் அனுப்பும் பக்கத்தில் உண்மையிலேயே ஒரு வன்பொருள் வேலை உண்டு. ஒரே அலைவரிசையை இரண்டு டைம்ஸ்லாட்டுகள் (நேரத் துண்டுகள்) பங்குபோடுவதால், 60 மில்லிநொடிக்கு ஒருமுறை டிரான்ஸ்மிட்டர் எழுந்து அடங்க வேண்டும். அடுத்த ஸ்லாட்டில் வாய் மூடி இருக்க வேண்டும். இதனால்தான் டிஎம்ஆரில் பேசும்போது பேட்டரி மிச்சமாகிறது. தொடர்ச்சியாக அனுப்பும் டி-ஸ்டாருக்கோ ஃப்யூஷனுக்கோ என்று வரைந்த டிரான்ஸ்மிட்டரை இப்படித் துள்ள வைக்க முடியாது, முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

சிக்கல் குரலில் இருக்கிறது

குரலைச் சுருக்கி விரிக்கும் வோகோடர்தான் மோடுகளைப் பிரிக்கிற உண்மையான வேலி. இதைப் புரிந்துகொண்டால் ஹாட்ஸ்பாட் எதை மாற்றும், எதை மாற்றாது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

டிஎம்ஆர், ஃப்யூஷனின் டிஎன் வடிவம், என்எக்ஸ்டிஎன்னின் குறுகிய வடிவம் மூன்றிலும் ஆம்பி பிளஸ் டூ என்ற வோகோடர். குரல் பிட்டுகள் ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கின்றன. ஒரு சட்டகத்திலிருந்து எடுத்து இன்னொரு சட்டகத்தில் அடுக்கினால் போதும், குரலைத் தொட வேண்டியதில்லை. பி25-இன் முதல் கட்டத்தில் பழைய இம்பி. ஃப்யூஷனின் விடபிள்யூ என்ற முழுவேக வடிவமும் அதே இம்பிதான். அதனால் ஹாட்ஸ்பாட் வழியாக யாசூ ஹேண்டியை விடபிள்யூவில் வைத்தால் பி25 குழுவோடு பேசலாம். டிஎன்-இல் வைத்தால் டிஎம்ஆர் குழுவோடு பேசலாம். ஒரே பித்தானின் இரண்டு நிலைகள் இரண்டு வேறு குடும்பங்களுக்குக் கதவு திறப்பதைப் பல யாசூ சொந்தக்காரர்களே கவனித்திருக்க மாட்டார்கள்.

டி-ஸ்டார் தனிக்கட்டை. அது பயன்படுத்துவது பழைய தலைமுறை ஆம்பி. குரலுக்கு நொடிக்கு 2400 பிட், பிழைதிருத்தத்துக்கு 1200, தரவுக்கு 1200. மற்ற எதோடும் ஒட்டாது. எம்17-உம் தனி, ஆனால் வேண்டுமென்றே தனி. டேவிட் ரோவ் எழுதிய கோடெக் 2 என்ற திறந்த வோகோடரை அது எடுத்துக்கொண்டது. உரிமம் வாங்க வேண்டியதில்லை, சில்லும் வாங்க வேண்டியதில்லை.

ஆம்பி, இம்பி எல்லாம் டிவிஎஸ்ஐ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சொத்து. தயாரிப்பாளர்கள் சில்லாகவோ மென்பொருள் உரிமமாகவோ வாங்கித்தான் போட வேண்டும். எல்லா மோடும் பேசும் ஹேண்டி செய்ய நினைக்கிற சின்ன நிறுவனம் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில். பெரிய நிறுவனங்களுக்கு இந்தச் சுவர் பிரச்சினையில்லை. அவர்களுக்கு ஆசைதான் இல்லை. ஜப்பான் அமெச்சூர் ரேடியோ லீக் வடிவமைத்த டி-ஸ்டாரை ஐகாம் தோளில் சுமந்தது. யாசூ 2013-இல் ஃப்யூஷனைத் தன் பிள்ளையாகக் கொண்டுவந்தது. போட்டியாளரின் மோடை என் பெட்டியில் ஏன் சேர்க்க வேண்டும் என்று இருவரும் நினைத்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கென்வுட் மட்டும் டிஎச்-டி74-இல் டி-ஸ்டாரை ஏற்றுக்கொண்டது, டிஎச்-டி75-இலும் அது தொடர்கிறது. அதுவும் டி-ஸ்டாரோடு நின்றுவிட்டது.

டிஎம்ஆர் கதை வேறு. அது தொழில்துறைக்காக ஐரோப்பிய தரநிலை அமைப்பான எட்ஸி 2005-இல் வெளியிட்டது. சீன நிறுவனங்கள் எச்ஆர்-சி5000, எச்ஆர்-சி6000 போன்ற ஆயத்த சில்லுகளை வைத்து மளமளவென்று ஹேண்டிகளை இறக்கிவிட்டன. டிஎம்ஆர் சட்டகம், டைம்ஸ்லாட், பண்பேற்றம் எல்லாம் அந்தச் சில்லுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. விலை குறைந்ததற்கும் அதுதான் காரணம், வேறு மோடு நுழைய முடியாததற்கும் அதுதான் காரணம்.

இன்னொரு வேலியும் உண்டு, அது திரையில்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய தடையாகத் தெரிகிறது. ஒவ்வொரு மோடுக்கும் முகவரி எழுதும் முறை வேறு.

டிஎம்ஆர் சேனல் ஒன்றை அமைத்துப் பாருங்கள். அதிர்வெண் போட்டால் வேலை முடிந்துவிடாது. 0 முதல் 15 வரை கலர் கோட் ஒன்று. ஸ்லாட் 1-ஆ 2-ஆ. எந்த டாக்குரூப், அதாவது எந்தப் பேச்சுக் குழு. கேட்கும் குழுப் பட்டியலில் அந்த டாக்குரூப் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் முன்னால், ரேடியோஐடி தளத்தில் பதிந்து வாங்கிய ஏழு இலக்க எண். இதில் ஏதாவது ஒன்று தப்பினால் பச்சை விளக்கு எரியும், சத்தம் வராது. இதையெல்லாம் கணினியில் தொகுத்த கோப்புக்குத்தான் கோட்பிளக் என்று பெயர். டிஎம்ஆர் கற்றுக்கொள்வது என்றால் பாதி கோட்பிளக் கற்றுக்கொள்வதுதான்.

டி-ஸ்டாரில் எண்களே கிடையாது, எல்லாம் அழைப்புக்குறி, அதாவது உரிமத்தோடு வரும் எழுத்து-எண் பெயர். நான்கு கட்டங்கள்: யுஆர் (யாருக்கு), மை (யாரிடமிருந்து), ஆர்பிடி1, ஆர்பிடி2 (எந்த ரிப்பீட்டர் வழியாக). ஒவ்வொன்றிலும் எட்டு இடம். ரிப்பீட்டரின் அழைப்புக்குறி ஆறு எழுத்து என்றால் ஏழாம் இடம் காலி. எட்டாம் இடத்தில்தான் எந்தத் தொகுதி என்று சொல்லும் எழுத்து வர வேண்டும். வெளியுலகத்துக்குப் போக ஆர்பிடி2-இன் எட்டாம் இடத்தில் ஜி. ரிஃப்ளெக்டரோடு (பலரை இணைக்கும் இணையச் சர்வரோடு) இணைய யுஆர்-இல் அதன் பெயரோடு எட்டாம் இடத்தில் எல். இணைப்பைத் துண்டிக்க ஏழு வெற்றிடம் விட்டு யு. ஒரு வெற்றிடம் குறைந்தால் ரிப்பீட்டர் உங்களைக் கண்டுகொள்ளாது. புதிய ஐகாம் ஹேண்டிகளில் டிஆர் திரை இதையெல்லாம் மறைத்துப் பட்டியலிலிருந்து தேர்வு செய்ய விடுகிறது, ஆனால் உள்ளே ஓடுவது இதே கணக்குதான்.

ஃப்யூஷனில் அழைப்புக்குறி ஒன்றை ஒருதரம் போட்டால் முடிந்தது. மோடுகளிலேயே எளியது அதுதான். என்எக்ஸ்டிஎன்னில் பயனர் எண் 16 பிட், அதனால் 65,535-ஐத் தாண்டாது. டிஎம்ஆர் எண் அங்கே செல்லாது, வேறு எண் வாங்க வேண்டும். எம்17 மறுபடி அழைப்புக்குறிக்கே போகிறது, ஒன்பது எழுத்து வரை.

இப்போது இவை அனைத்தையும் இரண்டு அங்குலத் திரையிலும் பதினைந்து பித்தானிலும் அடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வோகோடர் உரிமம் இலவசமாகவே கிடைத்தாலும் அந்த மெனுவை யார் வடிவமைப்பது, யார் கற்றுக்கொள்வது? கணினித் திரையில் ஒவ்வொரு மோடுக்கும் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளும் ஹாட்ஸ்பாட்டுக்கு இந்தச் சிக்கல் வருவதே இல்லை. பல மோடு என்பது ஹேண்டியில் இருக்க வேண்டியதில்லை, ஹாட்ஸ்பாட்டில் இருக்கட்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு ஹேண்டி, ஒரு ஹாட்ஸ்பாட்

பை-ஸ்டார் அல்லது டபிள்யூபிஎஸ்டி மென்பொருள் ஓடும் எம்எம்டிவிஎம் ஹாட்ஸ்பாட்டில் கலப்பு மோடு நிரல்கள் கூடவே வருகின்றன. ஃப்யூஷன் ஹேண்டி வைத்திருப்பவர் ஒய்எஸ்எஃப்2டிஎம்ஆர் வழியாக பிராண்ட்மைஸ்டர் என்ற டிஎம்ஆர் வலையமைப்பின் டாக்குரூப்பில் பேசலாம். டிஎம்ஆர் ஹேண்டி வைத்திருப்பவர் டிஎம்ஆர்2ஒய்எஸ்எஃப் வழியாக ஃப்யூஷன் ரிஃப்ளெக்டருக்கோ, டிஎம்ஆர்2என்எக்ஸ்டிஎன் வழியாக என்எக்ஸ்டிஎன்னுக்கோ போகலாம். மேலே சொன்ன வோகோடர் குடும்பங்கள் நினைவிருந்தால் இந்தப் பட்டியலில் டி-ஸ்டார் ஏன் இல்லை என்பதும் புரியும். குரலை விரித்து மறுபடி சுருக்காமல் அங்கே போக வழியில்லை. அந்த வேலைக்கு ஆம்பி சில்லு உள்ள பெட்டி வேண்டும். ஷார்க்ஆர்எஃப்பின் ஓபன்ஸ்பாட்4 ப்ரோ அப்படியொன்று. இல்லையென்றால் சர்வரிலேயே சில்லு வைத்திருக்கும் எக்ஸ்எல்எக்ஸ் ரிஃப்ளெக்டர்களை நம்பலாம். இருமுறை சுருக்கிய குரல் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரிதான் கேட்கும். பேச்சு புரியும், ரசிக்க முடியாது.

ஹாட்ஸ்பாட்டிலும் தொல்லை இல்லாமல் இல்லை. மலிவான பலகைகளின் அலையியற்றி சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். அந்தச் சில நூறே டிஎம்ஆருக்குப் போதும், குரல் ரோபோ மாதிரி உடைய. ஹேண்டியில் பேசும் பித்தானை அழுத்திக்கொண்டு டாஷ்போர்டில் பிட் பிழை விகிதத்தைப் பார்க்க வேண்டும். 3%, 4% என்று நின்றால் அமைப்புப் பக்கத்தில் ஆஃப்செட்டை 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்று நகர்த்தி, சேமித்து, மறுபடி பேசிப் பார்க்க வேண்டும். சரியான இடத்துக்கு வந்ததும் எண் சட்டென்று 1%-க்குக் கீழே விழும், குரலும் தெளிந்துவிடும். வாங்குவதற்கும் அனுப்புவதற்கும் ஆஃப்செட் தனித்தனிக் கட்டம். பெரும்பாலும் இரண்டிலும் ஒரே எண் பொருந்தும். நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு டிஜிட்டல் குரல் மோசம் என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. ஐந்து மோடையும் ஒரே சமயத்தில் திறந்து வைத்தால் ஐந்தையும் கேட்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஹாட்ஸ்பாட் ஒரு நேரத்தில் ஒரு மோடில்தான் இருக்கும். டிஎம்ஆரில் யாராவது பேசினால் அதைப் பிடித்துக்கொண்டு, பேச்சு முடிந்த பிறகும் சில வினாடிகள் அங்கேயே நிற்கும். அந்த இடைவெளியில் ஃப்யூஷனில் வந்த அழைப்பு போனது போனதுதான். சந்தடி அதிகமுள்ள டாக்குரூப்பை நிலையாகப் போட்டுவிட்டு மற்ற மோடுகள் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. டாக்குரூப்பைக் குறையுங்கள், அல்லது இரண்டு மோடோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இண்டர்நெட் போனால் ஹாட்ஸ்பாட் போச்சு. புயலோ வெள்ளமோ வந்து எல்லாம் படுத்துவிட்ட நாளில் உங்கள் ஹேண்டி நேரடியாகத் தொடக்கூடியது பக்கத்து ரிப்பீட்டரும், ரிப்பீட்டரே இல்லாமல் நேருக்கு நேர் பேசும் சிம்ப்ளெக்ஸும்தான். அதனால் ஹேண்டியில் எந்த மோடு இருக்க வேண்டும் என்பதை அந்த ரிப்பீட்டரை வைத்து முடிவு செய்யுங்கள், இணையத்தில் எந்த மோடு பிரபலம் என்பதை வைத்து வேண்டாம். ரிப்பீட்டர் ஃப்யூஷன் என்றால் யாசூ. எஃப்டி-70டி போதும், தொடுதிரை வேண்டுமென்றால் எஃப்டி-5டி. ரிப்பீட்டர் டிஎம்ஆர் என்றால் எனிடோன் ஏடி-டி878யூவி மாதிரி நன்றாகப் புழங்கிய மாடல். வெறும் அனலாக் ரிப்பீட்டர்தான் என்றால் எதுவும் சரி, ஏனென்றால் இவை எல்லாமே எஃப்எம் பேசும். அப்படிப்பட்டவருக்கு டிஎம்ஆரைச் சொல்வேன். மலிவு, வலையமைப்பு பெரிது, வோகோடர் குடும்பமும் பெரிது.

இரண்டு ஹேண்டி

இதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. டி-ஸ்டார் ரிப்பீட்டர் பக்கத்தில் இருந்து, நண்பர்கள் டிஎம்ஆரில் இருந்தால் நேர்மையான தீர்வு இதுதான். ஐகாம் ஐடி-52 அல்லது கென்வுட் டிஎச்-டி75 ஒரு கையில், டிஎம்ஆர் ஹேண்டி இன்னொரு கையில். குரல் ஒருமுறைதான் சுருங்கும். ஒரு பேட்டரி தீர்ந்தால் இன்னொன்று இருக்கும். டிஎச்-டி75 வாங்கினால் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஏபிஆர்எஸ், தரவு அனுப்பும் பாக்கெட், எச்எஃப் என்ற சிற்றலைகளில் எஸ்எஸ்பி முறைப் பேச்சைக் கேட்கும் வசதி எல்லாம் சேர்ந்து வரும். டி-ஸ்டார் பிடிக்காமல் போனாலும் அந்தப் பெட்டி வீணாகாது. மூன்றாவது ஹேண்டிக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். மூன்று கோட்பிளக்கையும் புதுப்பித்துக்கொண்டு இருப்பவர் பேசுவதைவிட நிரலேற்றுவதில்தான் அதிக நேரம் செலவழிப்பார்.

தொழில்முறை ரேடியோக்கள்

பல மோடு ஹேண்டி இல்லவே இல்லை என்பதும் முழு உண்மையில்லை. பெரும்பாலும் ஹாம்களுக்கென்று செய்யவில்லை, அவ்வளவுதான். கென்வுட் என்எக்ஸ்-5000 வரிசையில் என்எக்ஸ்டிஎன், பி25, டிஎம்ஆர் மூன்றில் எந்த இரண்டையும் அனலாக்கோடு சேர்த்து ஏற்றிக்கொள்ளலாம். என்எக்ஸ்-3000 வரிசை என்எக்ஸ்டிஎன்னும் டிஎம்ஆரும் பேசும். இரண்டுக்கும் வோகோடர் ஒன்றே என்பதால் இந்த ஜோடி இயல்பாகவே பொருந்துகிறது. தீயணைப்பு வீரர் கையில் இருக்க வேண்டிய கருவி என்பதால் ஒலியும் உறுதியும் ஹாம் ஹேண்டிகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். கீழே விழுந்தால் தரையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் ஹாமுக்குத் தேவையான பல விஷயங்கள் இதில் இல்லை. என்எக்ஸ்-5000 வரிசையில் ஒரு பெட்டிக்கு ஒரே அலைப்பட்டை: விஎச்எஃப் வாங்கினால் விஎச்எஃப் மட்டும், யுஎச்எஃப் வாங்கினால் யுஎச்எஃப் மட்டும். சாலையில் போகும்போது புதிய ரிப்பீட்டர் கண்ணில் பட்டால் அதிர்வெண்ணைத் தட்டிப் போட்டுப் பேசும் பழக்கத்துக்கு இடமில்லை. எல்லாம் கணினியில், நிறுவனத்தின் நிரலேற்றும் மென்பொருளில், ஒவ்வொரு வசதிக்கும் தனி உரிமத்தில். பழைய பெட்டி வாங்கும்போது எந்தெந்த உரிமம் அதில் ஏறியிருக்கிறது என்று திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாடல் எண் அதைச் சொல்லாது. டி-ஸ்டாரோ ஃப்யூஷனோ இதில் கனவிலும் கிடையாது. மறைகுறியாக்க வசதி இருந்தால் அதை ஹாம் அலைவரிசையில் தொடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பி25 மேல் காதல் உள்ளவர்களுக்கு இந்த வழி. அவர்களை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம்.

திறந்த வழி

எனக்குப் பிடித்த பகுதி இது. எல்லாருக்கும் பரிந்துரைக்கவும் முடியாத பகுதி.

டிஒய்டி எம்டி-380 என்ற மலிவான டிஎம்ஆர் ஹேண்டி வந்தபோது டிராவிஸ் குட்ஸ்பீட் அதன் பூட்டிய ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை) வெளியே எடுத்து, பிரித்து, ஒட்டுப்போட்டு மறுபடி ஏற்றிக் காட்டினார். அதிலிருந்து எம்டி380டூல்ஸ் பிறந்தது: எல்லா டாக்குரூப்பையும் கேட்கும் வசதி, எண்ணுக்குப் பதில் பெயர் காட்டும் பயனர் பட்டியல். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்த ஃபர்ம்வேருக்குள் இருந்த ஆம்பி பிளஸ் டூ பகுதியைத் தனியே எடுத்து ராஸ்பெர்ரி பையில் ஓட்டலாம் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஏஆர்எம் குடும்பச் செயலிதானே. மலிவு ஹேண்டியின் வயிற்றிலிருந்த வோகோடர் பல கலப்பு மோடு சர்வர்களில் வேலை பார்க்க ஆரம்பித்தது. உரிமக் கேள்விகள் அதோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கின்றன.

அடுத்து ஓபன்ஜிடி77. ரேடியாடிட்டி ஜிடி-77-க்காக கை லுட்விக் தொடங்கி, ரோஜர் கிளார்க் வளர்த்தெடுத்த ஃபர்ம்வேர். கோட்பிளக்கின் கெடுபிடி இதில் வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது. டாக்குரூப் எண்ணை விசைப்பலகையில் தட்டினால் போதும். ஹேண்டியையே யுஎஸ்பி வழியாக டிஎம்ஆர் ஹாட்ஸ்பாட்டாகவும் மாற்றலாம். இவ்வளவு செய்தும் வோகோடருக்கு இவர்களும் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அந்தக் கட்டுப்பாடே வேண்டாம் என்று தொடங்கியதுதான் எம்17. போலந்தைச் சேர்ந்த வொய்ச்செக் கச்மார்ஸ்கி 2019-இல் ஆரம்பித்தார். நெறிமுறை, வோகோடர், வன்பொருள் வரைபடம் எல்லாமே திறந்தவை. ஓபன்ஆர்டிஎக்ஸ் ஃபர்ம்வேரை எம்டி-யூவி380 போன்ற ஹேண்டியில் ஏற்றி எம்17 பேசலாம். ஆனால் ஃபர்ம்வேர் மட்டும் போதாது. பெட்டியைத் திறந்து நுண்ணிய பாகங்களைப் பற்றவைக்க வேண்டும். பூதக்கண்ணாடியும் நிதானமான கையும் இல்லாதவர் இறங்க வேண்டாம். அவர்களுக்காக கனெக்ட் சிஸ்டம்ஸ் சிஎஸ்7000-எம்17 இருக்கிறது, எம்17-க்கென்றே வந்த ஹேண்டி.

எல்லா மோடும் பேசும் ஹேண்டி என்ற கனவு நிஜமாக இருந்தால் அது இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். மென்பொருளில் பண்பேற்றம் செய்யும் சில்லு, லினக்ஸ் ஓடும் செயலி, திறந்த வரைபடம். எம்17 ஆட்களே லின்எச்டி என்ற பெயரில் அப்படியொன்றில் இறங்கியிருக்கிறார்கள். அதில் புது மோடு சேர்ப்பது என்றால் புது நிரல் எழுதுவதுதான், புதுச் சில்லுக்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் லினக்ஸ் செயலி பேட்டரியைத் தின்னும், கையில் சூடாகும். ஆம்பி குடும்பத்தின் உரிமச் சுவரும் அப்படியே நிற்கும். இதைச் சோதனைக்கூடமாக நினைத்து வாங்குங்கள். தினமும் இடுப்பில் மாட்டும் ஹேண்டியாக நினைத்து வாங்க வேண்டாம்.

போன் மாதிரி ரேடியோக்கள்

ஆண்ட்ராய்டு ஓடும், ஆண்டெனா குச்சி நீட்டிய, பக்கவாட்டில் பேசும் பித்தான் உள்ள பெட்டிகளை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். ட்ராய்ட்ஸ்டார் செயலியை ஏற்றினால் ஏறக்குறைய எல்லா மோடு ரிஃப்ளெக்டர்களுக்கும் போய்விடலாம், அதுவும் சுலபமாக. ஆனால் அந்தக் குச்சி பெரும்பாலானவற்றில் செல்போன் ஆண்டெனாதான், ஹாம் அலைவரிசையில் ஒரு மில்லிவாட்டும் போகாது. ஏற்கெனவே போன் இருக்கிறவர் அதிலேயே செயலியை ஏற்றிப் பார்த்துவிட்டு, எந்த மோடில் நமக்குப் பிடித்த கூட்டம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இது நல்ல வழி. ஹேண்டி வாங்கும் முன்னால் இதைச் செய்யுங்கள், செலவே இல்லை.

வாங்கும் முன் சில பேச்சுகள்

புதிதாக அறிவிக்கும் பல மோடு ஹேண்டிகளைப் பார்க்கும்போது நான் மூன்று விஷயம் மட்டும் தேடுவேன். வோகோடர் உரிமம் வாங்கியிருக்கிறார்களா, எந்தெந்த வோகோடர்? சொல்லாமல் மழுப்பினால் அந்த மோடு பின்னால் வரும் ஃபர்ம்வேரில் வரும் என்பார்கள், வராமலே போகலாம். இரண்டாவது, அனுப்பவும் முடியுமா, கேட்க மட்டுமா. விவரக்குறிப்பில் ஆதரவு என்ற சொல் இரண்டையும் குறிக்கும், படித்துப் பாருங்கள். மூன்றாவது, கணினி இல்லாமல் விசைப்பலகையிலிருந்தே ஒரு டாக்குரூப்பையோ ரிஃப்ளெக்டரையோ மாற்ற முடியுமா. முடியாது என்றால் அது எத்தனை மோடு பேசினாலும் நீங்கள் அதில் பேசப்போவது ஒன்றுதான்.

ஒருவேளை பக்கத்தில் டி-ஸ்டார் ரிப்பீட்டர் மட்டும் இருந்து, இரண்டு ஹேண்டிக்கு மனமில்லை என்றால்? அப்போது என் பொதுவான பரிந்துரை உங்களுக்குப் பொருந்தாது. டி-ஸ்டார் ஹேண்டியும் வோகோடர் சில்லு உள்ள ஹாட்ஸ்பாட்டும் வாங்குங்கள். மற்ற ஹாட்ஸ்பாட்களைவிடக் கொஞ்சம் அதிகம் செலவாகும். டிஎம்ஆர் பக்கத்துக் குரல்கள் சற்றே மங்கிக் கேட்கும். ஆனால் மின்சாரமும் இண்டர்நெட்டும் போன நாளில், உங்கள் கையில் இருப்பது பக்கத்து ரிப்பீட்டர் பேசும் மோடாகவே இருக்கும்.